காயமடைந்த பூனையைப் புரிந்து கொள்வோம்

எமது கிராமங்களில் பசு ஒரு வேளை தீன் எடுக்காவிட்டால் வீடே கலங்கிவிடும். ஆடு நொண்டினால் அன்றைக்கே அதன் காலைத் தூக்கிப் பார்க்கிறோம். கோழி தூங்கி வழிந்தால் அதனைப் பிரித்து வைக்கிறோம். ஆனால் இரண்டு நாள் காணாமற் போன பூனை மூன்றாம் நாள் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தால், "பூனைதானே, தானாக மாறிவிடும்" என்று சொல்லிவிட்டு எங்கள் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பூனை பால் தருவதில்லை, முட்டையிடுவதில்லை. என்றாலும் நெல் மூடைகளையும், விதைக்கென எடுத்து வைத்த நிலக்கடலையையும், கௌபியையும் எலியிடமிருந்து காத்துத் தருவது அதுதான். அதைவிட, வீட்டுப் பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுகின்ற பிராணியும் அதுதான். ஆகவே பூனை காயப்பட்டால் அதன் உயிர் மட்டுமல்ல, அதனைத் தூக்கப் போகும் பிள்ளையின் கையும் ஆபத்தில் இருக்கிறது.

நிறுத்தி வைத்த வாகனத்தின் கீழே படுத்திருந்து சில்லில் அகப்படுதல், நாய்க்கடி, கடுவன் பூனைகளின் சண்டை, முயலுக்கு வைத்த கண்ணி, கூரையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுதல் ஆகியவை எமது பகுதிகளில் பூனைகள் காயப்படும் வழிகள். காயத்துக்கு மருந்து செய்பவர் வைத்தியர். ஆனால் இரவு பகலாகப் பூனையோடு இருப்பவர்கள் வீட்டார். அதன் நடத்தையை அவர்கள் சரியாகப் படித்தால்தான் எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பது தெரியும். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் ஒளித்துக் கொள்கிறது?

வீட்டுப் பூனை ஆபிரிக்கக் காட்டுப் பூனையின் வழிவந்தது. அக்காட்டுப் பூனை தனியே வாழ்ந்து, தனியே வேட்டையாடுவது. நாயின் முன்னோர்களைப் போலக் கூட்டமாக வாழ்ந்து ஒன்றையொன்று காக்கும் வழக்கம் அதற்கு இல்லை. மேலும் அது வேட்டையாடும் மிருகமாக இருந்தாலும், தன்னிலும் பெரிய மிருகங்களுக்கு இரையாகக் கூடியது. நொண்டுவதையும் முனகுவதையும் வெளியே காட்டினால் அதற்கு உதவிக்கு வருவார் எவருமில்லை. பிடித்துத் தின்பதற்கே வருவார்கள். எனவே நோவை மறைத்து, இருண்ட மூலையில் அசையாமல் கிடப்பது பூனையின் பிறவிக் குணமாகிவிட்டது.

கட்டிலுக்கு அடியிலும் நெல் மூடைகளுக்குப் பின்னாலும் விறகுக் குவியலுக்குள்ளும் போய்ப் படுக்கும் பூனை எங்களோடு கோபித்துக் கொள்ளவில்லை. சாவதற்கு இடம் தேடிப் போகவும் இல்லை. தன்னைக் காத்துக் கொள்ளவே அது ஒளிக்கிறது. சத்தம் போடவில்லை என்பதற்காக அதற்கு நோ இல்லை என்று எண்ணுவது பெரும் தவறு. கடுமையாகக் காயப்பட்ட பூனைதான் பெரும்பாலும் மிகவும் அமைதியாக இருக்கும்.

ஒளித்த பூனையைக் கையை விட்டு இழுத்தெடுக்கக் கூடாது. பயத்திலும் நோவிலும் அது கடிக்கும். பழகிய பூனையும் கடிக்கும். தடித்த துவாய் ஒன்றைத் தலைக்கு மேலாக மெல்லப் போட்டு, உடம்பு முழுவதையும் சுற்றி, கீழே ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள். முதுகெலும்போ இடுப்போ முறிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால், பலகைத் துண்டின் மீதோ மடித்த சாக்கின் மீதோ நகர்த்தி எடுங்கள்.

முகத்தைப் பார்த்து நோவை அறிதல்

பூனை வாய்விட்டுச் சொல்லாததை அதன் முகம் சொல்கிறது. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழக மிருக வைத்திய ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு பூனையின் முகத்தில் நோவை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறது அம்முறை.

1. காதுகள்: சுகமான பூனையின் காதுகள் நிமிர்ந்து முன்னே பார்க்கும். நோவுள்ளபோது அவை வெளிப்பக்கம் திரும்பி, தட்டையாகி, இரண்டுக்கும் இடையே வெளி கூடும்.
2. கண்கள்: நித்திரையில்லாத நேரத்திலும் பாதி மூடி இடுங்கியிருக்கும்.
3. மூக்கும் வாயும்: உருண்டையாகத் தளர்ந்திருக்கும் முகவாய் இறுகி, நீள்வட்டமாகும்.
4. மீசை மயிர்கள்: தளர்ந்து வளைந்திருப்பவை விறைத்து நேராகி முன்னோக்கி நிற்கும்.
5. தலை: தோளின் மட்டத்துக்குக் கீழே தொங்கும்.

இல்லையென்றால் 0, ஓரளவு என்றால் 1, தெளிவாகத் தெரிந்தால் 2 என ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டுவார்கள். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் பூனைக்கு நோ தணிக்கும் மருந்து தேவை என்பது கணக்கு. வீட்டில் புள்ளி போட வேண்டும் என்றில்லை. காலையிலும் மாலையிலும் பூனை விழித்திருக்கும்போது இந்த ஐந்தையும் பார்த்தால், நேற்றைக்கு இன்று மேலா, கீழா என்பது விளங்கும்.

உடம்பிலும் அடையாளங்கள் உண்டு. நான்கு காலையும் வயிற்றின் கீழே மடக்கி, முதுகைக் கூனிக் குந்தியிருத்தல், ஒரே பக்கமாகப் படுக்க மறுத்தல், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாததால் மயிர் கலைந்து திரண்டிருத்தல், வழக்கமாக ஏறும் இடத்தில் ஏறாதிருத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு சொல் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பூனை 'குர்... குர்...' என்று தொண்டைக்குள் எழுப்பும் சத்தத்தைக் கேட்டதும் "சந்தோஷமாக இருக்கிறது" என்று நாம் நிம்மதியடைகிறோம். சுகமாக இருக்கும் பூனை அப்படிச் செய்வது உண்மை. ஆனால் குட்டி ஈனும்போதும், எலும்பு முறிந்து கிடக்கும்போதும், உயிர் பிரியும் வேளையிலும்கூடப் பூனைகள் அதே சத்தத்தை எழுப்புகின்றன. ஆகவே அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். முகத்தையும் மூச்சையும் பாருங்கள்.

சாப்பாடும் சிறுநீரும்

சுகமான பூனையே நாளில் பாதிக்கு மேல் தூங்கும். எனவே காயப்பட்ட பூனை அதிகம் தூங்குவதை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, சாப்பிடாதிருத்தல். நாய் சில நாள் பட்டினி கிடந்தும் தாங்கும். பூனையின் உடம்பு வேறு வகையானது. உணவு நின்றதும் உடலிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வருகிறது. பூனையின் ஈரலுக்கு அவ்வளவு கொழுப்பையும் சமாளிக்கும் வலுவில்லை. கொழுப்பு அங்கேயே படிந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். கண்வெள்ளையும் முரசும் மஞ்சளாகும். கொழுத்த பூனைகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். காயத்தால் சாகாத பூனை பட்டினியால் சாவது இவ்வாறுதான். "ஓய்வெடுக்கிறது, பசித்தால் சாப்பிடும்" என்று மூன்று நான்கு நாள் விட்டுவிடும் வீடுகளில் பூனை இறந்தால், காயத்தின் மேல்தான் பழி போகிறது. ஒரு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாவிட்டால் கவனம் தேவை. இரண்டு நாள் ஆனால் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குட்டிகளுக்கு இவ்வளவு தவணையும் இல்லை.

பூனை கண்ணால் அல்ல, மூக்கால் சாப்பிடுகிறது. மணம் பிடிபடாத உணவை அது தொடாது. முதலில் மூக்கில் காய்ந்துள்ள இரத்தத்தையும் சளியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சூடை மீனையோ கோழித் துண்டையோ உப்பு, வெங்காயம், உள்ளி சேர்க்காமல் அவித்து, முள்ளெடுத்து, இளஞ்சூடாக வையுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. சிறிதளவு மேலுதட்டில் பூசிவிட்டால் நக்கிப் பார்த்துப் பின் உண்ணத் தொடங்கும். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தால் உண்ணாது, வைத்துவிட்டு விலகுங்கள். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயைத் திறந்து பாலோ கஞ்சியோ ஊற்ற வேண்டாம். அது சுவாசப்பைக்குள் போய்விடும். பசுப்பால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றோட்டத்தைத் தரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாவது, சிறுநீர். வாகனத்தில் அடிபட்ட பூனை சிறுநீர் கழித்ததா என்பதை முதல் நாளே பார்க்க வேண்டும். சலப்பை வெடித்திருக்கலாம். வால் சில்லில் அகப்பட்டு இழுபட்டால், வாலின் அடியிலுள்ள நரம்புகள் அறுந்து, வால் செத்துத் தொங்கும்; அதே நரம்புப் பகுதியே சிறுநீரையும் கட்டுப்படுத்துவதால் பூனையால் சிறுநீர் கழிக்க முடியாமற் போகலாம். மண் தட்டில் அடிக்கடி குந்தி முக்கியும் ஒன்றும் வராவிட்டால் அதனை மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். கடுவன் பூனையில் இது ஒரு நாள் இரு நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

நக்குதலும் கட்டும்

காயத்தை நக்குவது பூனையின் இயல்பு. ஆனால் அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டியெடுக்கும் அந்த நாக்கு, ஆறிவரும் தோலையும் சுரண்டும், தையலையும் பிரிக்கும். எனவே "நக்கினால் மாறும்" என்று விட்டுவிடக் கூடாது. வைத்தியர் கழுத்தில் போடும் கூம்பு இதற்காகத்தான். கூம்பைப் போட்டதும் பூனை பின்னாலே பின்னாலே நடக்கும், அல்லது சிலை போல் நிற்கும், சுவரில் முட்டும். அதைப் பார்த்து மனமிரங்கிக் கழற்றி விடுகிறோம். ஓரிரு நாளில் அது பழகிவிடும். சாப்பிடும்போது மட்டும் அருகில் இருந்து கழற்றி, முடிந்ததும் திரும்பப் போடலாம்.

கட்டுப் போட்ட காலை அமைதியாக வைத்திருந்த பூனை திடீரெனக் கட்டைக் கடித்துப் பிய்க்கத் தொடங்கினால் அதனைக் குழப்படி என்று எண்ண வேண்டாம். உள்ளே இறுக்கமோ, ஈரமோ, சீழோ இருக்கிறது என்று அது சொல்கிறது. நாளுக்கு இரு முறை விரல்களைத் தொட்டுப் பாருங்கள். வீங்கியிருந்தாலோ, குளிர்ந்திருந்தாலோ, கெட்ட மணம் வந்தாலோ அன்றே கட்டை மாற்றுவிக்க வேண்டும். முறிந்த காலுக்கு வீட்டிலேயே தடி வைத்து இறுக்கிக் கட்டுவது இரத்த ஓட்டத்தை நிறுத்திக் காலையே அழுகச் செய்யலாம்.

சண்டைக்குப் பின் வரும் சோர்வு

கடுவன்களின் சண்டைக் காயம் வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. அது ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வரும். மேல்தோல் விரைவிலே மூடிவிடும். இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் உள்ளே சீழ் கட்டும். சண்டையை நாம் மறந்துவிட்ட நேரத்தில் பூனை சோர்ந்து, காய்ச்சலோடு, தொட்டால் சீறுகின்றதாக மாறும். கன்னத்திலோ, காலிலோ, வாலடியிலோ வீக்கம் இருக்கும். அது வெடித்துச் சீழ் வடிந்ததும் பூனை தெளிவடைந்து சாப்பிடத் தொடங்கும். ஆனால் உள்ளே மிச்சமிருந்தால் மீண்டும் கட்டும். எமது வெப்பத்தில் திறந்த புண்ணில் இலையான் முட்டையிட்டு ஒரு நாளிலே புழு வைத்துவிடும் என்பதால், இப்படியான புண்ணை மிருக வைத்தியர் கழுவி மருந்து கொடுப்பதே நல்லது. நலம் எடுக்கப்பட்ட கடுவன்கள் ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் குறையும்.

செய்யக் கூடாத கைமருந்துகள்

பூனையின் நோவைப் பார்த்து இரங்கி, அரைப் பனடோலைக் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது நஞ்சு கொடுப்பதற்குச் சமம். பனடோலில் உள்ள பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதனால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் திறனை இழக்கிறது, முரசு கபிலமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். 500 மில்லிகிராம் மாத்திரையின் பாதியே 3, 4 கிலோ எடையுள்ள பூனையைக் கொல்லப் போதுமானது. அஸ்பிரின், டைக்குளோபினாக், இபுபுரோபன் முதலிய மனிதருக்கான நோ மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. பூனைக்கென்று பாதுகாப்பான நோ மருந்துகள் வைத்தியரிடம் உள்ளன.

மாட்டுப் புண்ணுக்குப் போடும் மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், தேப்பந்தைலம், பூச்சி உருண்டை ஆகியவற்றையும் பூனைக்குப் போடலாகாது. மாடு தன் உடம்பு முழுவதையும் நக்குவதில்லை; பூனை நக்கும். தோலில் பூசியதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போகும். தண்ணீரில் கலந்ததும் பால் போல் வெளுக்கும் டெற்றோல் போன்ற கிருமிநாசினிகளும் பூனைக்கு நஞ்சே.

பின் என்ன செய்யலாம்? கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதனால் காயத்தைக் கழுவுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து ஐந்து பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். பூனை குளிர்ந்திருந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். வீட்டில் செய்யக் கூடியது இவ்வளவே.

நோ குறையும் காலமே கவனமான காலம்

முதல் வாரத்தில் பூனை தானாகவே அசையாமல் இருக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நோ குறைகிறது. பூனை வாசலில் வந்து நின்று கத்தும், பெட்டியைப் பிராண்டும், மேசையில் பாயப் பார்க்கும். "சுகமாகிவிட்டது" என்று திறந்துவிடத் தோன்றும். ஆனால் வளர்ந்த பூனையின் முறிந்த எலும்பு பொருந்துவதற்குப் பொதுவாக ஆறு வாரமோ அதற்கு மேலோ வேண்டும். நோ போய்விட்டது என்பது எலும்பு பொருந்திவிட்டது என்பதாகாது. மதிலால் ஒரு முறை பாய்ந்தாலே பொருந்திய இடம் விலகிவிடும்.

கழுவிக் காயவைத்த கோழிக் கூடோ, பெரிய மரப்பெட்டியோ இக்காலத்துக்குப் போதும். பூனை காலை நீட்டிப் படுக்கவும் எழுந்து திரும்பவும் இடமிருக்க வேண்டும். ஒரு மூலையில் பழைய சேலைத்துணி விரித்த படுக்கை, மறு மூலையில் விளிம்பு தாழ்ந்த மண் தட்டு, தண்ணீர், உணவு என வையுங்கள். கூட்டின் ஒரு பக்கத்தைச் சாக்கால் மூடினால் ஒளித்திருக்கும் ஆசையும் நிறைவேறும். நாய் வராத, பிள்ளைகள் ஓடித்திரியாத இடமாக இருக்கட்டும். நேரம் தவறாமல் உணவு கொடுத்து, மெல்லிய குரலில் பேசி, பூனை விரும்பினால் மட்டும் தலையைத் தடவிவிட்டால், சில நாட்களில் அது அடைபட்டிருக்கப் பழகிக்கொள்ளும்.

வைத்தியரிடம் போய்த் திரும்பிய பூனையை வீட்டின் மற்றப் பூனைகள் சீறி விரட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அது பகை அல்ல. பூனைகள் ஒன்றையொன்று மணத்தால் அடையாளம் காண்கின்றன. மருந்து மணத்தோடு வந்தது அவற்றுக்கு அந்நியப் பூனை. சில நாள் பிரித்து வைத்து, ஒரே துணியால் எல்லாவற்றையும் மாறி மாறித் துடைத்துவிட்டால் மணம் கலந்து பழையபடி சேர்ந்துகொள்ளும்.

கடியும் விசர்நோயும்

காயப்பட்ட பூனை கடித்தால் அதைச் சிறு விடயமாக எண்ண வேண்டாம். முன்னே சொன்ன ஊசிப்பல் மனிதர் கையிலும் கிருமியை ஆழத்தில் வைக்கும். ஒரு நாளுக்குள் கை வீங்கிவிடலாம். இதைவிடப் பெரிய பயம் விசர்நோய். எமது நாட்டில் அந்நோய் பெரும்பாலும் நாய்களாலேயே பரவினாலும், விசர் நாய் கடித்த பூனையும் அதனைப் பரப்பும். நோய் வந்தபின் காப்பாற்ற முடியாது. வராமல் தடுக்க முடியும்.

பூனை கடித்தாலோ கீறினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். கடித்த பூனையை அடித்துக் கொல்ல வேண்டாம். அடைத்து வைத்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை அவதானியுங்கள்.

இனந்தெரியாத நாய் கடித்த பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் தாமதியாமல் கேளுங்கள். நோய் வெளிப்படச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் செல்லலாம். காயம் ஆறிய பின் பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் வடித்தாலோ, விழுங்க முடியாமற் தவித்தாலோ, பின்கால் இழுத்தாலோ அதனைத் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். நோவினால் சீறும் பூனை, எட்ட நின்றால் தானாக அடங்கும். விசர் பிடித்தது எட்ட நிற்பவரையும் தேடி வந்து தாக்கலாம்.

உடனே வைத்தியரை நாட வேண்டிய வேளைகள்

• வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அல்லது அமைதியாகப் படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு விட்டால்
• முரசு வெளிறியோ, நீலமாகவோ, மஞ்சளாகவோ இருந்தால்
• ஒரு நாளாகச் சிறுநீர் போகாவிட்டால்
• இரண்டு நாளாக உண்ணாவிட்டால்
• பின்கால்களை அசைக்க முடியாவிட்டால்
• புண்ணில் கெட்ட மணமோ புழுவோ இருந்தால்

பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமானது என்று எண்ணிப் பலர் பூனையைக் கொண்டு போவதில்லை. கொண்டு போய்க் கேளுங்கள். காற்றுத் துளையிட்ட காட்போட் பெட்டியில் துணி விரித்து வைத்து, மேலே மூடிக் கொண்டு சென்றால் பூனை பதறாது. எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, எப்படிப் படுக்கிறது, முகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் அவதானித்ததைச் சொல்லுங்கள். பூனை வாய் திறந்து சொல்லாத அந்தச் செய்தி வைத்தியருக்குக் கிடைப்பது வீட்டாரிடமிருந்துதான்.